நாடியும் நடையும்

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 50. பிரஷருக்கு ஆறு வருடமாகக் குளிசை பாவிக்கிறார். டோஹாவில் தொழில் செய்யும் மகன் விடுமுறையில் வந்தபோது உம்மாவுக்கென்று ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்து கட்டிவிட்டிருக்கிறார். நேரத்தோடு இதயத்துடிப்பையும் காட்டும் கடிகாரம். வயதைப் பதிந்து கணக்குப் பார்த்து, “உம்மா, நடக்கும்போது இது 109க்கும் 129க்கும் இடையில நிக்கோணும், அப்பதான் பிரயோசனம்” என்று சொல்லிவிட்டு மகன் விமானம் ஏறிவிட்டார்.

சகோதரியும் சுபஹுக்குப் பின் தவறாமல் நடக்கிறார். எவ்வளவு விரைந்து நடந்தும் இலக்கம் 95ஐத் தாண்டவில்லை. ஒரு நாள் எப்படியும் அதைப் பிடித்தே தீருவதென்று ஓட்டமும் நடையுமாகப் போனவர், சந்தியில் தலை சுற்றி, யாரோ ஒருவரின் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். “பழுது என் இதயத்திலா, கடிகாரத்திலா?” என்று கேட்டிருக்கிறார்.

தலை சுற்றியதை உடனே கிளினிக்கில் சொல்லுமாறு அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டோம். ஆனால் அவருடைய கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. இன்று எமது வீடுகளில் பலருடைய கையில் இந்தக் கடிகாரம் இருக்கிறது. கடிகாரம் இல்லாதவர்களிடமும், யாரோ சொன்ன ஓர் இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம். இப்பத்தியை எழுதுபவன் வைத்தியன் அல்லன், அறபு கற்பிக்கும் ஆசிரியன். ஆகவே எழுதியதை வைத்தியர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிய பின்னரே தருகிறோம்.

முதலில் நாடியைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அறபியில் இதற்கு ‘நப்ழ்’ என்று பெயர். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) வபாத்தான இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ என்னும் மருத்துவ நூலில் நாடியைப் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். எமது ஊர்களில் பரிசாரிமாரும் ஹகீம்மாரும் நாடி பிடித்துத்தான் நோயைத் தேடினார்கள். அந்த நுட்பங்கள் எமக்கு வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

இடது உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் ஓரத்தில், எலும்புக்கும் நரம்புக்கும் இடையில் ஒரு சிறு பள்ளம் இருக்கும. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் அங்கே மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பிடிக்கக் கூடாது, அதற்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு, இரண்டும் குழம்பும். அழுத்தியும் பிடிக்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தின் செக்கன் முள்ளைப் பார்த்து 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குங்கள். 15 செக்கனில் 19 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 76. கையில் கிடைக்காவிட்டால் கழுத்தில், தொண்டைக் குழாயின் ஒரு பக்கத்தில் மெல்லப் பிடிக்கலாம். இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்துவது ஆபத்து.

துடிப்பு ஒழுங்காக இல்லாமல் ஒன்று விட்டு ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து என்று வருமானால் 15 செக்கன் கணக்கு உதவாது. முழு நிமிடமும் எண்ணி, அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எண்ணிக்கையைவிட இந்த ஒழுங்கின்மைதான் சில வேளைகளில் பெரிய செய்தி.

காலையில் எழுந்தவுடன், தேநீர் குடிக்கு முன், படுக்கையில் இருந்தபடியே மூன்று நாட்களுக்கு எண்ணி எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் ஓய்வுத் துடிப்பு. வளர்ந்தவர்களுக்கு 60 முதல் 100 வரை சாதாரணம். தொடர்ந்து 100ஐத் தாண்டி நின்றால் நடைப்பயிற்சியைத் தொடங்குமுன் காரணத்தைத் தேட வேண்டும். மாதவிடாய் அதிகமாகப் போகும் சகோதரிகளுக்கு இரத்தச்சோகை இருக்கலாம், தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்யலாம், காய்ச்சல் மறைந்திருக்கலாம். இரத்தச்சோகை உள்ள ஒருவர் சில படி ஏறினாலே துடிப்பு வெகுவாக ஏறிவிடக் கூடும். அதை உடற்பயிற்சியின் பலன் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

நாம் நடக்கும்போது கால் தசைகள் கூடுதலான ஒட்சிசனைக் கேட்கின்றன. அதைக் கொண்டுபோவது இரத்தம், இரத்தத்தை அனுப்புவது இதயம். ஆகவே வேலை கூடக் கூட இதயமும் விரைந்து அடிக்கிறது. உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை இத்துடிப்பைக் கொண்டு அறியலாம் என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது. பின்லாந்து நாட்டில் மார்ட்டி கார்வோனன் என்பவர் 1957இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. அவர் சில இளைஞர்களை உருளும் பட்டியில் ஓடவிட்டு, துடிப்பு எந்த அளவுக்கு ஏறினால் உடம்பு பயிற்சி பெறுகிறது என்று பார்த்தார். பின்னர் அதே பின்லாந்தில்தான், பனியில் சறுக்கி ஓடும் வீரர்களுக்காக, நெஞ்சில் பட்டி கட்டித் துடிப்பைக் கையில் பார்க்கும் கருவி 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. கட்டிளம் வாலிபர்களுக்கும் ஓட்ட வீரர்களுக்கும் செய்த ஏற்பாடு இன்று எங்கள் உம்மாமாரின் கைக்கு வந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி அந்த இலக்கத்துக்கு வருவோம். 220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய இதயம் அடிக்கக் கூடிய உச்ச அளவு வரும் என்று எங்கும் சொல்கிறார்கள். உடற்பயிற்சி நிலையங்களின் சுவரிலும் கடிகாரங்கள் பலவற்றின் உள்ளேயும் இருப்பது இதுதான். 50 வயதானால் 170. அதில் நூற்றுக்கு 64 முதல் 76 வரை நடுத்தர உழைப்பு. மகன் சொன்ன 109உம் 129உம் இப்படி வந்தவைதாம்.

இக்கணக்கின் பிறப்பை அறிந்தால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1970ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவில் சாமுவேல் பொக்ஸ், வில்லியம் ஹஸ்கெல் என்ற இருவர் இதய நோயாளர்களுக்கு எவ்வளவு உடற்பயிற்சி கொடுக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முன் பலர் செய்த சுமார் பத்து ஆய்வுகளின் முடிவுகளை ஒரே தாளில் புள்ளிகளாக இட்டு, அவற்றினூடே ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்கள். அக்கோடு ஏறக்குறைய 220 கழித்தல் வயது என்று வந்தது. 1971இல் அது அச்சாகியது. மனிதர் அனைவருக்கும் சட்டமாக அதை வைக்க அவர்கள் எண்ணவில்லை என்று ஹஸ்கெல் அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் கணக்கு இலகு, மனதில் நிற்கும், ஆகவே உலகம் முழுதும் பரவிவிட்டது. வழக்கம் சட்டமாகிவிடும் கதைதான்!

2001இல் ஹிரோபூமி தனாகா என்பவரும் அவரது கூட்டாளிகளும் இன்னும் பல ஆய்வுகளைத் திரட்டி வேறொரு கணக்குச் சொன்னார்கள். வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும் என்றார்கள். அதன்படி 50 வயதுக்கு 173.

பெண்களைப் பற்றி என்ன? அதைத்தான் மார்த்தா குலாட்டி என்ற இதய வைத்தியர் கேட்டார். அமெரிக்காவின் சிக்காகோ நகரப் பகுதியில் 35 வயதுக்கு மேற்பட்ட, இதய நோய் அறிகுறி எதுவும் இல்லாத 5,437 பெண்கள் 1992இல் உருளும் பட்டியில் நடந்து சோதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களைப் பல வருடம் அவதானித்து 2010இல் அவரது குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். பெண்களுக்கு, வயதை 0.88ஆல் பெருக்கி 206இலிருந்து கழிப்பதே பொருந்தும் என்றார்கள். 50 வயதுக்கு 162. பழைய கணக்கைவிட எட்டுத் துடிப்புக் குறைவு. வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறைந்து செல்கிறது. 70 வயதில் பழைய கணக்கு 150 தரும், குலாட்டியின் கணக்கு 144 தரும். வித்தியாசம் இளமையில்தான் கூடுதல், 30 வயதில் அது 10க்கு மேல்.